சட்டைப்பைக்குள் ஒரு சூதாடுகளம்



ஆலையில் உழைப்போருக்குச் சம்பள நாள் என்பது ஒரு காலத்தில் கண்ணால் காணக்கூடிய நாளாக இருந்தது. காசாளரின் சன்னல் முன்னே வரிசையில் நின்று, பதிவேட்டில் கையெழுத்திட்டு, உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்து, அதைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டு வெளியே வருவார்கள். ஆலை வாயிலுக்கும் வீட்டு வாயிலுக்கும் இடையே சாராயக் கடை ஒன்று இருக்கும்; வட்டிக்குக் கொடுத்தவர் ஒருவர் காத்திருப்பார்; சீட்டுக்கட்டு புரளும் மரத்தடி ஒன்றும் இருக்கும். விவரமறிந்த மனைவி கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திக்கொண்டு ஆலை வாயிலுக்கே வந்து நின்றுவிடுவாள். ஆபத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அதைக் கடந்து கணவனை வீட்டுக்கு அழைத்து வரும் வழியும் தெரிந்திருந்தது.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குச் சம்பளம் ஓசையின்றி வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது. கைபேசி ஒரு முறை அதிரும்; அவ்வளவே. இடையில் எவரும் பறிக்க முடியாத இந்த ஏற்பாடு நல்லதே. ஆனால் வழியிலிருந்த மரத்தடி மறைந்துவிடவில்லை. அது அதே கைபேசிக்குள் குடியேறிவிட்டது. அங்கே பாய் விரிக்க வேண்டாம், கூட்டாளிகள் வேண்டாம், போலீசார் வருகிறார்களா என்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம். படுத்த படுக்கையில், போர்வைக்குள், பக்கத்தில் உறங்கும் தாய்க்கும் தெரியாமல் ஆடலாம். இணையவழி ரம்மியையும் அதன் உறவுமுறை ஆட்டங்களையும் பற்றியே இம்மாதம் சிந்திக்கப் போகிறோம்.

ஒரு தாயின் கேள்வி

2024ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு தாய் நம்மைத் தேடி வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கும் பொருட்டுச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.) அவருடைய கேள்வி விசித்திரமானது. "சாமி, எம் பையன் குடிக்க மாட்டான். பீடி சிகரெட்டு கிடையாது. வேலை விட்டா நேரா வீட்டுக்குத்தான் வர்றான். ஆனா சம்பளம் மட்டும் வீட்டுக்கு வரமாட்டேங்குது. பணம் எங்க சாமி போவுது?"

மகன் ஐ.டி.ஐ. படித்தவன். ஓர் உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 14,500 ரூபாய். இரண்டு நாள் கழித்து அவனே வந்தான். தலை நிமிரவில்லை. "மொத மாசம் நாலாயிரம் ஜெயிச்சேன் ஃபாதர்" என்பதே அவன் சொன்ன முதல் வாக்கியம். "எவ்வளவு போயிற்று தம்பி?" என்று கேட்டோம். அவனுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரியவில்லை. ஐம்பதும் நூறும் இருநூறுமாகப் போன பணத்தை எவர் நினைவில் வைத்திருப்பார்?

வங்கிக் கணக்குத் தாளை வரவழைத்து, பென்சிலும் காகிதமுமாக அவனோடு அமர்ந்து கூட்டினோம். பதினொரு மாதங்களில் அவன் கட்டியது 1,12,400 ரூபாய். வென்று திரும்பப் பெற்றது 31,900 ரூபாய். போனது 80,500 ரூபாய். அதாவது ஐந்தரை மாதச் சம்பளம். அதில் ஒரு பகுதி உடனடிக் கடன் கொடுக்கும் இரண்டு செயலிகளில் வாங்கியது. இன்னொரு பகுதி தங்கையின் தோட்டை அடகு வைத்தது. கூட்டுத்தொகையைக் கண்டதும் அவன் அழுதான். பதினொரு மாதங்களாக அவனை அழவிடாமல் வைத்திருந்தது எது தெரியுமா? முதல் மாதம் வென்ற அந்த நாலாயிரம்தான்.

திருவள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். 94ஆம் அதிகாரமாகிய அதற்கு முன்னே நிற்பது கள்ளுண்ணாமை. பின்னே நிற்பது மருந்து. அவ்வரிசையே ஒரு பாடம் எனலாம். சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கிய தூண்டிலுக்கு ஒப்பிடுகிறார் அவர். தோல்வியன்று, வெற்றியே தூண்டில் என்று அவர் கண்டுகொண்டது வியப்புக்குரியது. அந்த இளைஞனின் நாலாயிரம் ரூபாயை அவர் அன்றே பார்த்துவிட்டார் போலும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

"ஆட்டத்தில் மோசடி இருக்குமோ?" என்று சிலர் கேட்கிறார்கள். மோசடியே இல்லை என்று வைத்துக்கொள்வோம். சீட்டுகள் நேர்மையாகவே கலைக்கப்படுகின்றன. எதிரே ஆடுவோரும் மனிதர்களே. அப்படியும் கணக்கு என்ன சொல்கிறது?

ஆட்டத்தை நடத்துகிற நிறுவனம் தான் ஆடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு பங்கைத் தரகாக எடுத்துக்கொள்கிறது. அது பத்து விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஆறு பேர் தலைக்கு 100 ரூபாய் போட்டுச் சேரும் 600 ரூபாயில் 60 போய், எஞ்சுவது 540. அதே ஆறு பேர் அந்தப் பணத்தை வைத்து மீண்டும் ஆடினால் 486. ஏழாம் சுற்றின் முடிவில் எஞ்சுவது 287 ரூபாய் மட்டுமே. பாதிக்கு மேல் காணாமற் போயிற்று! இருபத்திரண்டாம் சுற்றில் 600 ரூபாய் 60 ரூபாய்க்கும் கீழே வந்துவிடுகிறது. இதற்குள் அறுவரில் ஒருவன் சிறிது வென்றிருக்கலாம், மற்றவர் தோற்றிருக்கலாம். ஆனால் அறுவரையும் ஒரு குடும்பமாக எண்ணிப் பார்த்தால், அக்குடும்பம் அழிந்தது. எவரும் ஏமாற்றவில்லை, எந்திரம் பழுதாகவில்லை. அமைப்பே அப்படித்தான்.

"எனக்குத் திறமை இருக்கிறது, நான் வெல்வேன்" என்று சொல்பவருக்கும் ஒரு சொல். திறமையால் ஒருவர் தொடர்ந்து வெல்கிறார் என்றால், திறமை குறைந்த ஒருவர் தொடர்ந்து தோற்கிறார் என்பதே பொருள். அவரும் எங்கோ ஓர் ஆலையில் இரவு வேலை பார்க்கிறவராக இருக்கலாம். மரத்தடியில் ஆடியபோது தோற்றவனின் முகத்தையாவது பார்த்தோம். இப்போது அந்த முகமும் தெரிவதில்லை.

புறாவும் தானியமும்

கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கையில், படித்த பிள்ளைகள் ஏன் விடமுடியாமல் தவிக்கிறார்கள்? இதற்கு விஞ்ஞானம் விடை சொல்கிறது.

அமெரிக்க உளவியல் அறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், புறாக்களைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தவர். கூண்டிலுள்ள ஒரு வில்லையைப் புறா கொத்தினால் தானியம் விழும். ஒவ்வொரு முறை கொத்தும்போதும் தானியம் விழுந்து பழகிய புறா, தானியம் நின்றுவிட்டால் விரைவில் கொத்துவதை விட்டுவிடுகிறது. ஆனால் எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்பது தெரியாதபடி அமைத்துவிட்டால், புறா ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது. தானியத்தை நிறுத்தின பின்னும் நெடுநேரம் விடுவதில்லை. ஃபெர்ஸ்டர் என்பவரோடு சேர்ந்து 1957ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட பெருநூலில் இவ்வாராய்ச்சிகள் விரிவாகக் காணப்படுகின்றன. சூதாட்ட எந்திரங்கள் மனிதரைப் பிடித்து வைத்திருப்பதும் இவ்வழியே என்பதை ஸ்கின்னரே எடுத்துக் காட்டினார்.

நிச்சயமான பரிசைவிட நிச்சயமற்ற பரிசே நம்மை அதிகமாகக் கட்டிப்போடுகிறது. இதை அறிந்தவர்களே இச்செயலிகளை வடிவமைக்கிறார்கள். "ஒரே சீட்டில் தவறிவிட்டது" என்னும் எண்ணம் தோல்வியாக மனதில் பதிவதில்லை; கிட்ட வந்துவிட்டோம் என்ற நம்பிக்கையாகவே பதிகிறது. இரண்டு நாள் ஆடாமல் இருந்தால், "உங்கள் கணக்கில் இலவசமாக 50 ரூபாய் சேர்த்திருக்கிறோம்" என்று அழைப்பு வருகிறது. ஆக, நம் பிள்ளை தனியே ஒரு சீட்டுக்கட்டோடு போராடவில்லை. அவன் எந்நேரம் விழித்திருக்கிறான், எவ்வளவு தோற்றபின் எழுந்து போகிறான் என்பதை எல்லாம் பதிந்து வைத்திருக்கும் ஓர் எந்திரத்தோடு போராடுகிறான். "மன உறுதி இல்லாதவன்" என்று அவனை ஏசுவது எளிது. அது முழு உண்மையன்று.

இதைப் படித்துவிட்டு, விஞ்ஞானத்தைப் பழிப்பதாக எவரும் எண்ண வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாட்களில் நம் பகுதிச் சிறுவர் மொட்டை மாடிகளில் ஏறி நின்று வடதிசை வானத்தை நோக்குவதைக் கண்டிருக்கிறோம். 2023 சூலை 14ஆம் நாள் அங்கிருந்து புறப்பட்ட சந்திரயான் 3, ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவின் தென் துருவத்தை அடுத்த பகுதியில் இறங்கியபோது நாடே மகிழ்ந்தது. இந்நாட்டு விண்வெளி ஆய்வின் முதல் அலுவலகமே ஒரு கத்தோலிக்க ஆலயம் என்பதையும் நம் இளைஞர் அறிந்திருத்தல் நலம். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில், விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டதற்கிணங்க, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஆண்டகையும் மீனவ மக்களும் தூய மகதலா மரியா ஆலயத்தையே விட்டுக் கொடுத்தார்கள். அங்கிருந்து முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21ஆம் நாள் பறந்தது. விஞ்ஞானத்திற்குப் பீடத்தையே ஒதுக்கிக் கொடுத்த மக்கள் நாம். எனவே விஞ்ஞானம் வேண்டுமா, வேண்டாமா என்பது கேள்வியன்று. விஞ்ஞானம் மனிதனுக்குப் பணி செய்கிறதா, அல்லது மனிதனைப் புறாவாக்குகிறதா என்பதே கேள்வி.

சட்டம் நடந்து வந்த பாதை

"அரசாங்கம் என்ன செய்கிறது?" என்பது அடுத்த கேள்வி. இதற்கு விடை சற்று நீளமானது. ஆயினும் குடும்பத் தலைவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது.

நம் மாநிலத்தின் சூதாட்டச் சட்டம் 1930ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டம் சூதாடும் வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. நான்கு சுவர், ஒரு கதவு, உள்ளே சிலர். போலீசார் கதவைத் தட்டி நுழையலாம். கதவே இல்லாத ஒரு சூதாடும் வீடு வரும் என்று அன்று எவர் நினைத்தார்?

ரம்மிக்கு மட்டும் சட்டத்தில் ஒரு தனி இடம் உண்டு. செகந்தராபாத்திலிருந்த ஒரு மனமகிழ் மன்றத்தைப் பற்றிய வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதால், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று அத்தீர்ப்பு கூறியது. இணையவழி நிறுவனங்கள் இதையே கேடயமாகப் பிடித்தன. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் உண்டு: பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் ஆதாயம் அடைவதாக மெய்ப்பிக்கப்பட்டால், அது குற்றமாகக் கூடும் என்பதே அது. கேடயத்தைப் பிடித்தவர்கள் அதன் மறுபக்கத்தைக் காட்டுவதில்லை!

கொரோனா காலத்தில் வேலையின்றி வீட்டில் அடைபட்டிருந்த மக்களிடம் இவ்வாட்டங்கள் பரவின. கடன் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. 2020 நவம்பரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. 2021இல் அது சட்டமாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம், அத்தடை அளவுக்கு மீறியது என்று அச்சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 2022 சூனில், ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணிக்காக சிநேகா அமைப்பை நிறுவிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் இடம் பெற்றார். அக்குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, அதே ஆண்டு அக்டோபரில் சட்டமன்றம் புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்பினார்; மார்ச் 23ஆம் நாள் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது; ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

மறுபடியும் வழக்கு. 2023 நவம்பர் 9ஆம் நாள் உயர் நீதிமன்றம், வாய்ப்பை மட்டுமே நம்பிய ஆட்டங்களுக்கு அச்சட்டம் செல்லும் என்றும், ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றும், ஆயினும் வயது, நேரம் முதலியவற்றிற்கு அரசு வரம்பு விதிக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. அதன்படி 2025 பிப்ரவரியில் விதிமுறைகள் வெளிவந்தன. பதினெட்டு வயது நிரம்பாதவர் பணம் வைத்து ஆடக்கூடாது. ஆதார் வழியே ஆளை உறுதி செய்ய வேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது என்பன அவற்றுள் முக்கியமானவை. இரண்டாம் ஷிப்டு முடிந்து அறைக்குத் திரும்பும் நம் தொழிலாளர்களின் நேரம் அதுவே என்பதை எண்ணிப் பாருங்கள். உடல் களைத்து, உறக்கம் வராமல், பேச ஆளின்றிக் கிடக்கும் அந்த ஐந்து மணி நேரத்திற்கு ஒரு கதவு போடப்பட்டது. அந்தரங்க உரிமை மீறப்படுகிறது என்று நிறுவனங்கள் வாதாடின. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது உண்மைதான். ஆனால் அவ்வுரிமைக்கும் வரம்பு உண்டு என்று கூறி, 2025 சூன் 3ஆம் நாள் உயர் நீதிமன்றம் விதிமுறைகளை உறுதி செய்தது.

இவ்வளவுக்கும் பின், நாடாளுமன்றமே முன்வந்தது. 2025 ஆகஸ்டு 20, 21ஆம் நாட்களில் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவுக்கு 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, வாய்ப்பா என்ற பழைய வழக்காட்டத்தை ஒதுக்கிவிட்டு, பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் இணையவழி ஆட்டம் எதுவாயினும் நடத்தக்கூடாது என்றது அச்சட்டம். நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் 50 இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்தது. ஆடி ஏமாந்தவனைத் தண்டிக்கவில்லை. இது நாம் கவனிக்க வேண்டிய நல்ல செய்தி. உதவி கேட்டு வர அவன் அஞ்ச வேண்டியதில்லை. சட்டம் வந்த அதே மாதத்தில், இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் பெயர் பொறித்திருந்த ட்ரீம் 11 நிறுவனம் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிற்று. சட்டத்தை எதிர்த்துப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது.

இவ்வளவு நீண்ட கதையை ஏன் சொன்னோம்? ஐந்தாண்டுக் காலம் சட்டமன்றமும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் மாறி மாறி எழுதியும் அழித்தும் வந்த ஒரு காரியத்தில், சட்டத்தை மட்டும் நம்பி வீட்டில் நாம் சும்மா இருக்கலாகாது என்பதற்காகவே. ஒரு செயலி மூடினால், வெளிநாட்டில் இருந்துகொண்டு நம் மொழியிலேயே அழைக்கும் இன்னொரு தளம் திறக்கிறது. கதவில்லாத வீட்டுக்குப் பூட்டுப் போடுவது எளிதன்று.

நம்மை நோக்கியும் ஒரு கேள்வி

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடுவார்: "சாமி, பங்குத் திருவிழாவில் குலுக்கல் சீட்டு விற்கிறீர்களே, அது சூதில்லையா?" நியாயமான கேள்வி. நம் மாநில அரசே 1968ஆம் ஆண்டு பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 2003இல்தான் லாட்டரி விற்பனைக்கு முற்றாகத் தடை வந்தது. ஆகவே இக்கேள்வி எல்லாருக்கும் பொதுவானது.

திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2413ஆம் எண்ணில் இதற்கு நேரான விடை தருகிறது. வாய்ப்பை நம்பிய ஆட்டங்களும் பந்தயங்களும் தம்மிலே நீதிக்கு முரணானவை அல்ல. தன் தேவைக்கும் தன்னைச் சார்ந்தவர் தேவைக்கும் அவசியமானதை ஒருவனிடமிருந்து அவை பறிக்கும்போது ஒழுக்கத்திற்கு ஒவ்வாதவை ஆகின்றன. ஆட்டத்தின் மோகம் மனிதனை அடிமைப்படுத்தும் அபாயமும் உண்டு என்பது அதன் கருத்து. இந்த அளவுகோலைக் கையில் எடுத்து எதையும் அளக்கலாம். திருவிழாக் குலுக்கலில் ஒருவர் பத்து ரூபாய் கொடுக்கிறார். ஒரு மாலையில் முடிந்துவிடுகிறது. பள்ளியின் கூரைக்கு ஓடு கிடைக்கிறது. மறுநாள் எவர் வீட்டிலும் உலை நிற்பதில்லை. என்றேனும் ஓர் ஏழை அரிசிப் பணத்தைக் கொண்டுவந்து கட்டுக் கட்டாகச் சீட்டு வாங்குவானாகில், அன்றே அந்தக் குலுக்கலையும் நிறுத்திவிட வேண்டியதுதான். அளவுகோல் ஒன்றே, ஆலயத்திற்கு வேறு, அங்காடிக்கு வேறு என்பதில்லை.

"வயது வந்தவன், அவன் பணம், அவன் விருப்பம்" என்று வாதிப்போரும் உண்டு. சுதந்திரத்தின் அருமையை நாமும் மதிக்கிறோம். ஆனால் அந்த 14,500 ரூபாயில் அவனுடைய பங்கு எவ்வளவு? தாயின் மருந்து அதில் இருக்கிறது. தங்கையின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது. வீட்டு வாடகை இருக்கிறது. தனக்கு மட்டும் உரிய பணம் என்று நம் உழைக்கும் குடும்பங்களில் எவனுக்கும் இருந்ததில்லை. கல்வாரியிலே சேவகர் சீட்டுப் போட்டது தம் சொந்த அங்கிக்காக அன்று, பிறருடைய அங்கிக்காக. சூதில் எப்போதும் பணயமாவது பிறருடைய அங்கியே.

வீட்டில் செய்ய வேண்டியவை

பிரசங்கத்தோடு நிறுத்திக்கொள்ள மனமில்லை. நடைமுறைக்கு உகந்த சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, கணக்கு. மாதத்தில் ஒரு நாள், இரவு உணவுக்குப் பின், குடும்பத்தார் எல்லாரும் அமர்ந்து வங்கிக் கணக்கைச் சத்தமாக வாசியுங்கள். மகனுடையதை மட்டுமன்று, தந்தை தம்முடையதை முதலில் வாசிக்கட்டும். வேவு பார்ப்பதாக இது ஆகக்கூடாது. குடும்ப செபம் போன்ற ஒரு வழக்கமாக அமைய வேண்டும். எவருக்கும் தெரியாமல் போகும்வரைதான் நூறு ரூபாய்க்குப் பலம். உரக்க வாசித்தால் அது குன்றிப்போகும்.

இரண்டாவது, வேலி. சம்பளம் வரும் கணக்கு ஒன்று, கைபேசியில் செலவழிக்கும் கணக்கு இன்னொன்று என்று பிரித்து வையுங்கள். யு.பி.ஐ. வழியே ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையைக் குறைத்து வைக்க வங்கியில் கேளுங்கள். முன்னாளில் மனைவி ஆலை வாயிலில் நின்றது போல, இந்த வேலி நிற்கும்.

மூன்றாவது, கடன் செயலிகள். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வகுத்த நெறிமுறைகளின்படி, கடன் கொடுக்கும் செயலி உங்கள் கைபேசியிலுள்ள தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் எடுக்கக் கூடாது. கடன் தொகை நேரே உங்கள் வங்கிக் கணக்கிற்கே வரவேண்டும். உறவினருக்கெல்லாம் படம் அனுப்பி அவமானப்படுத்துவோம் என்று மிரட்டுகிறவன் சட்டத்தை மீறுகிறவன். அவனுக்கு அஞ்சி மேலும் கடன் வாங்காதீர்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக் காவல் நிலையத்திற்குச் செல்லுங்கள். பணம் ஏமாற்றிப் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணைத் தாமதமின்றி அழையுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்திவைக்க விரைவே துணை.

நான்காவது, உயிர். கடனை விடப் பெரியது உயிர். பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பேச்சைக் குறைத்துக்கொண்டு, தனக்குப் பிடித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், கணக்குக் கேட்கும் நேரம் அதுவன்று. பக்கத்தில் உட்காருங்கள், தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். "எவ்வளவு போனாலும் போகட்டும், நீ வேண்டும் எங்களுக்கு" என்னும் ஒரு வார்த்தை தந்தையின் வாயிலிருந்து வருமானால், அது எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

ஐந்தாவது, மாற்று. வெறும் தடை ஒருநாளும் வெற்றிடத்தை நிரப்பாது. நம் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வாடகை அறைகளில் தென் மாவட்டங்களிலிருந்து வந்தவரும், ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவருமாக எத்தனை இளைஞர் ஐந்தாறு பேராய் அடைந்து கிடக்கிறார்கள்! ஞாயிறு மாலை அவர்களுக்குப் போக்கிடம் எது? ஆலய வளாகத்தில் ஒரு கைப்பந்து வலை, மண்டபத்தில் இரண்டு கேரம் பலகை, நான்கு செய்தித்தாள், எரியும் ஒரு விளக்கு: இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. சமயம் கேளாமல், ஊர் கேளாமல் கதவைத் திறந்து வைத்தால் போதும். பொழுதுபோக்கு மனிதனின் தேவை. அதை நாம் கொடுக்காவிட்டால், கொடுப்பதற்கு விளம்பரக்காரன் காத்திருக்கிறான்.

அந்த இளைஞனைப் பற்றிக் கேட்பீர்கள். செயலிகளை அவன் தன் கையாலேயே நீக்கினான். இரண்டு முறை மீண்டும் தவறினான் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு முறையும் தானே வந்து தாயிடம் சொன்னான். அவன் சொல்லத் தொடங்கியதையே நாம் வெற்றியாகக் கருதுகிறோம். கடனில் பாதிக்கு மேல் அடைபட்டிருக்கிறது. தங்கையின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதை மீட்கும் நாளை அந்தத் தாய் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறார்.

நம் பங்குகளில் இப்படி இன்னும் எத்தனை நாட்காட்டிகள் தொங்குகின்றன என்பதை ஆண்டவரே அறிவார். அடுத்த சம்பள நாள் வருமுன், ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கணக்கு ஒரு முறையேனும் உரக்க வாசிக்கப்படட்டும்.